மூன்று மூச்சு

பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் ரோட்டரி எஞ்சின் மூச்சு விடும். ஃபூ, ஃபூ, ஃபூ என்று மூன்று. பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே சுழலும் முக்கோண ரோட்டருக்கு மூன்று முகம், முகத்துக்கு ஒரு மூச்சு. மூன்றும் ஒரே பலத்தோடு வந்தால் எனக்கு மனம் ஆறும். ஒன்று மட்டும் தொய்ந்தால் பெரும்பாலும் காற்றை அடைத்துவைக்கும் பக்கவாட்டு சீல் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பலமாகவும் இரண்டு தொய்வாகவும் வந்தால் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போய்விட்டது. அந்த மெல்லிய உலோகத் தகடுதான் அருகருகே இருக்கும் இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவர். அது உடைந்தால் இரண்டு வீடும் சேர்ந்தே பாழ்.

மேற்கு சிட்னியில் ரோட்டரி கார்களை மட்டுமே பார்க்கும் கராஜ் ஒன்றில் சேர்ந்தபோது இந்த மூச்சைக் கேட்கத்தான் முதலில் பழகினேன். முதலாளி சிறுவயதிலேயே லெபனானில் இருந்து வந்தவர். கருவியைக் கையில் தரமாட்டார். முதலில் காதால் கேள், பிறகு கருவியைப் பார் என்பார். கருவி காட்டும் எண்ணுக்கும் மதிப்புண்டு. மஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 கார் என்றால் நிமிடத்துக்கு 250 சுற்றில் ஒவ்வொரு முகமும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் அழுத்தம் காட்டவேண்டும். சாதாரண கார்களுக்குப் பாவிக்கும் கம்பிரஷன் மானி, அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தத்தை அளப்பது, இங்கே உதவாது. மூன்று முகத்தில் மிகப் பெரிய எண்ணை மட்டும் காட்டி, செத்த எஞ்சினைக்கூட நல்லது என்று சொல்லிவிடும். அப்படி ஒரு பரிசோதனைச் சீட்டை நம்பி கார் வாங்கி, மூன்றாம் வாரம் எங்கள் வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். மாலையில் கதவைப் பூட்டும் அவசரத்தில், வேலை முடிந்து நின்ற ஒரு ஆர்எக்ஸ்-8 ஐ ஸ்டார்ட் பண்ணி, இருபது அடி தள்ளி நிறுத்தி, உடனே அணைத்துவிட்டேன். வேறு எந்தக் காருக்கும் அதில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் காலை அதன் சொந்தக்காரி, இரவுப் பணி முடித்த ஒரு தாதி, வந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அதிகமாகப் போகும். சூடாகுமுன் அணைத்தால் எரியாத பெற்றோல் அறைக்குள் தங்கி, சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். படலம் இல்லாவிட்டால் சீல் காற்றைப் பிடிக்காது. காற்று நிற்காவிட்டால் கம்பிரஷன் இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, பெற்றோலை நிறுத்தி, ஈரத்தை வெளியே சுற்றித் தள்ளி, அறைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, புதுப் பிளக் போட்டு அதை எழுப்ப ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. கண்ணெல்லாம் தூக்கத்தோடு அந்தப் பெண் கதிரையில் காத்திருந்தார். முதலாளி என்னைத் திட்டவில்லை. தவறு என்னுடையது என்று நானே அந்தத் தாதியிடம் போய்ச் சொன்னேன்.

"இப்படி நடக்கும் என்று இதை விற்றவர் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார் அவர். இந்த எஞ்சினைப் பற்றி நான் கற்ற எல்லாமே அந்த வார்த்தையைச் சுற்றித்தான் இருக்கிறது.

ரோட்டரி நம்பகமானதா என்று கேட்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஜெர்மனியில் என்எஸ்யூ நிறுவனம் 1967 இல் ரோ 80 காரை விற்றது. மறு ஆண்டு அது ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வானது. ஆனால் சீல்கள் தேய்ந்து, உத்தரவாதத்தின் கீழ் எஞ்சின் மாற்றிக்கொடுத்தே நிறுவனம் நொடிந்தது. 1969 இல் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போனது. அதே 1967 இல்தான் ஹிரோஷிமாவில் இருந்து மஸ்டாவின் கொஸ்மோ ஸ்போர்ட் வந்தது. அதற்கு முன்பு யமமோதோ கெனிச்சியின் கீழ் 47 பொறியியலாளர்கள் வருடக்கணக்கில் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். ரோட்டர் சுழலும் உறையின் உட்சுவரில் சீல் அதிர்ந்து அதிர்ந்து வரிவரியாகக் கீறிவிடும். பேயின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கரியும் அலுமினியமும் கலந்த சீல் செய்துதான் அதைத் தாண்டினார்கள். கொஸ்மோ வந்த மறு ஆண்டே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தடத்தில் 84 மணிநேர ஓட்டத்துக்கு இரண்டு கொஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று 82ஆம் மணியில் அச்சுக் கோளாறால் நின்றது. மற்றது நான்காவதாக முடித்தது. நின்ற காரிலும் எஞ்சின் பழுதாகவில்லை என்பதை முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார், தானே ஓட்டியதுபோல.

எங்கள் ஊருக்கு அண்மையிலேயே சாட்சி உண்டு. பாதர்ஸ்ட் மலைப்பாதையில் நடந்த 12 மணிநேர ஓட்டத்தை 1992, 1993, 1994 மூன்று ஆண்டும் மஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 வென்றது. 1995 இல் ஓட்டம் சிட்னியின் ஈஸ்டர்ன் க்ரீக் தடத்துக்கு மாறியபோதும் அதுதான். லே மான் 24 மணிநேரத்தை 1991 இல் நான்கு ரோட்டர் கொண்ட மஸ்டா 787பி வென்றது எல்லோரும் அறிந்த கதை.

அப்படியானால் பன்னிரண்டு மணிநேரம் மலையில் ஏறி இறங்கியும் சாகாத எஞ்சின், பிள்ளையைப் பாடசாலையில் விட்டு வருகையில் ஏன் சாகிறது? ஓட்டப்பாதையில் அது குளிர்வதே இல்லை. ஒயில் குறைகிறதா, தண்ணீர் சூடேறுகிறதா என்று பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். வீதியில் ஐந்து நிமிட ஓட்டம், அணைப்பு, மறுபடி ஐந்து நிமிடம். கரி சேருகிறது, சீல் ஒட்டுகிறது. ஒயிலை எஞ்சின் தானே தன் அறைக்குள் விட்டு எரிப்பது அதன் வடிவமைப்பு, சீலுக்கு வேறு வழியில் மசகு கிடையாது. இது தெரியாதவர்கள் அடுத்த சர்வீஸ்வரை பொனட்டைத் திறப்பதே இல்லை.

ஆர்எக்ஸ்-8 இல் நான் அதிகம் கண்ட சாவு வேறு மாதிரி, மெதுவானது. முதலில், பிளக்குக்குப் பொறி தரும் கொயில் ஒன்று பலம் இழக்கும். கார் ஓடும், சற்றே சோம்பலாக. எரியாத பெற்றோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிஸ்டுக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டை உருக்கி அடைக்கும். வெளியேற வழியில்லாத சூடு திரும்பி எஞ்சினுக்கே வரும். கடைசியில் சீல். ஒரு தொகுதி கொயிலின் விலைக்குப் பயந்து முழு எஞ்சினையும் இழந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதுபோல் கஷ்டமான வேலை இந்தத் தொழிலில் இல்லை.

பழி முழுவதையும் ஓட்டுபவர் தலையில் கட்டவும் நான் உடன்படமாட்டேன். முதல் ஆர்எக்ஸ்-8 களில் ரோட்டருக்கு இரண்டு ஒயில் துவாரம்தான், சீலின் நடுப்பகுதிக்கு ஒயில் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2008 இல் வந்த திருத்திய மாதிரியில் மூன்றாக்கினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். காரணமில்லாமல் அப்படி யாரும் நீட்டமாட்டார்கள்.

போன வருடம் ஒரு தமிழ்ப் பையன் வந்தான். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்தவன். வாங்க யோசித்த காரைக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணா, எல்லாரும் இதைத் தொடாதே எண்டு சொல்லுகினம். உண்மையோ?"

"வேலைக்கு எவ்வளவு தூரம் ஓடுவீர்?"

"ரயிலிலதான் போறனான். இது சனி ஞாயிறுக்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. இரண்டு ரோட்டரின் ஆறு முகத்தையும் அளந்தோம். ஒன்று 700 ஐ ஒட்டி நின்றது, மற்றவை அதற்கு மேலே. வாங்கலாம், ஆனால் ஒருநாள் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும், அதற்கு இன்றே மாதாமாதம் ஏதாவது ஒதுக்கும் என்றேன். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் குச்சியை இழுத்துப் பாரும். சூடு காட்டும் ஊசி நடுவுக்கு வரும்வரை மிதியாதேயும். வந்தபிறகு மிதிக்கப் பயப்படாதேயும், கரி போக அதற்கு வேகம் வேண்டும். அவன் எல்லாவற்றையும் ஃபோனில் எழுதிக்கொண்டான். எந்தக் காரணம் கொண்டும் சூடாகாமல் அணைக்காதேயும் என்று சொன்னபோது அந்தத் தாதியின் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

இந்த ஆடி மாதம் கொயில் மாற்ற வந்தான். நானே வரச்சொன்னேன், பழுது வருமுன். ஒரு கொயில் மறுநாள்தான் வரும் என்றார்கள். லிஃப்டில் வேறு கார் ஏறவேண்டும், இவனுடையதை முற்றத்துக்கு மாற்றவேண்டும். பழைய கொயிலையே திரும்பப் பூட்டினேன். சாவியை அவனிடமே கொடுத்தேன். இருபது அடி ஓட்டி நிறுத்தினான். அணைக்கவில்லை.

ஆறு மணி தாண்டிவிட்டது. முதலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்து எங்களோடு நின்றார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, குளிரில் மூன்று பேரும் அந்த ஊசியைப் பார்த்தபடி நின்றோம். கால்வாசிக்கு வந்திருந்தது.