கவாத்து மாதத்துக் குறிப்புகள்

டிசம்பர் 2

மல்லிகைக் கவாத்து இன்று தொடங்கியது. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ள கிளைகளை எல்லாம் வெட்டிவிடுகிறோம். இனி மார்ச் வரை இந்தச் செடிகளில் பூ பார்க்க முடியாது. பனியால் வரத்துக் குறைந்து, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவதும் இந்தப் பருவத்தில்தான் என்பதால், அங்கங்கே அரும்பு கட்டியிருக்கும் கிளையை வெட்டும்போது கை தயங்கத்தான் செய்கிறது. என் மனைவிக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க மருத்துவர் சொல்லியிருப்பது பிப்ரவரியில். மனம் நாள் முழுவதும் அங்கேயே போய் நிற்கிறது.

டிசம்பர் 5

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று இயேசு சொன்னதை, கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எகிப்தில் யோசேப்பு, விளைச்சல் மிகுந்த 7 வருடமும் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேர்த்து வைத்துத்தான் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றினார். கவாத்தும் மார்ச் மாதப் பூவுக்காகச் செய்கிற வேலைதான். ஆனாலும் அது இன்றைக்கு என் கையில் இருக்கிற வேலை. எத்தனை கிலோ பூக்கும், என்ன விலைக்குப் போகும் என்பது என் கையில் இல்லை. அந்தப் பாதியை ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் நான் தினமும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 9

வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றன்றைக்குக் கொடுத்த உணவான மன்னாவை மறுநாளுக்கென்று வைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் கட்டளைப்படி இரட்டிப்பாகச் சேர்த்தது மட்டும் கெடவில்லை. பூ விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில், இதழ் விரியாத மொக்காகப் பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, காலையிலேயே கமிஷன் கடையில் சேர்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மொக்கு விரிந்து விலை இறங்கும். நாளைக்கு முகூர்த்த நாளாயிற்றே என்று இன்றைய பூவை வைத்திருந்தால் குப்பைக்குத்தான் போகும். இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்துகொண்டே இஸ்ரவேலர் நாற்பது வருடம் சாப்பிட்ட மன்னாவைப் பற்றிப் படித்திருக்கிறேன்.

டிசம்பர் 14

குடும்ப ஜெபத்தில் நான் பிப்ரவரியைப் பற்றியே நெடுநேரம் மன்றாடிக்கொண்டிருந்தேன். முடித்தபின் மனைவி சொன்னாள்: "பிப்ரவரிக்கு வேண்டிய பெலத்த பிப்ரவரியில தருவாருங்க. இன்னைக்கு ராத்திரிக்குப் போட மாத்திரை தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க." நோயைச் சுமப்பவள் அவள், அவளுடைய விசுவாசம் என்னுடையதைவிட உறுதியானது.

டிசம்பர் 19

செடிக்கு 10 கிலோ மட்கிய தொழுஉரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சி முடித்தோம்.

உறவினர் ஒருவர், ரிப்போர்ட் சரியில்லை என்றால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். நாளைக்கு நடப்பது நமக்குத் தெரியாது, கர்த்தருக்குச் சித்தமானால் உயிரோடிருந்து இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லுங்கள் என புதிய ஏற்பாட்டு நிருபத்தில் யாக்கோபு எழுதியதைத்தான் அவருக்கும் சொன்னேன். ஸ்கேனுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது. அழைத்துப்போக மகனும் லீவு சொல்லிவிட்டான். அதற்கு மேல் அந்த மாதத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. இன்று மாலை கிறிஸ்துமஸ் கீதப் பயிற்சிக்கு அவளைக் கோவிலுக்கு அழைத்துப்போக வேண்டும்.