சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள்
தம்பிக்கு துபாயில் வேலை. அவனுடைய டிகிரி சான்றிதழை அப்பா அன்று ஆசையாக லேமினேட் செய்து வைத்துவிட்டார். அங்கே செல்லுபடியாக அதன் பின்பக்கம் அரசு முத்திரை விழ வேண்டுமே! நேற்று ராத்திரி ஹேர் டிரையர் சூட்டில் ஓரத்திலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பிரித்தோம். துணைவேந்தர் கையெழுத்துப் பக்கம் வந்தபோது அம்மா மூச்சே விடவில்லை. நல்லவேளை, கிழியவில்லை.

அப்புறம், அப்போஸ்டில் (சான்றிதழின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று நம் வெளியுறவு அமைச்சகம் தரும் ஒரே சான்று) போதும் என்று ஒரு ஏஜென்ட் அடித்துச் சொன்னார். போதாது. அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-லேயே சேர்ந்தது, சவுதி 2022-இல் சேர்ந்தது, அமீரகம் சேரவில்லை. மாநில அரசு, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் அந்த ஊர் வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு இடம் ஏறி இறங்க வேண்டும். பணம் கட்டும் முன், போகிற நாடு அந்த உடன்படிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.