வேலூரில் நாய்களுக்கு ஒரு பூங்கா

நேற்று சாயங்காலம் சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து பேசினோம், நாய்களைக் கயிறு இல்லாமல் ஓடவிட ஒரு இடம் வேண்டும் என்பதுதான் பேச்சு. ஹைதராபாத் கொண்டாப்பூரில் 2018-லேயே மாநகராட்சி இப்படி ஒன்றைத் திறந்துவிட்டது, நமக்கும் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

வாசலில் இரண்டு கேட் கட்டாயம், ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் நாய் நேராக ரோட்டுக்கு ஓடிவிடும். சின்ன நாய்களுக்குத் தனி அடைப்பு. நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் சிமெண்ட் தரை கூடவே கூடாது, பாதம் வெந்துவிடும். மண் தரை, வேம்பு, புங்கன் நிழல், தண்ணீர்த் தொட்டி போதும்.

அப்புறம் தடுப்பூசி. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், என் முதல் குட்டியை நான் அதில்தான் இழந்தேன், அதனால் ஊசி அட்டை இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன், எல்லோரும் சரி என்றார்கள்.

இடம்தான் இன்னும் அமையவில்லை. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சும்மா கிடக்கும் நிலம் தெரிந்தால் சொல்லுங்கள். மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், கையெழுத்துப் போட வருகிறவர்கள் இன்பாக்ஸில் வாங்க.