வேண்டப்பட்டவன்

ஜப்பானில் படிப்பு முடியும் வருஷம், மதியச் சாப்பாட்டுக்கு நடுவே லேப் நண்பன் ஒருவன் போனைப் பார்த்துவிட்டு "இனொரரெத்தா" என்றான். எனக்கு இருந்த அரைகுறை ஜப்பானியத்தில் 'எனக்காக வேண்டிக்கொண்டார்கள்' என்றுதான் புரிந்தது, சரி, பாட்டி கோயிலுக்குப் போயிருப்பார் போல என்று நினைத்து "நல்லதுதானே" என்றேன். மேஜையில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அவனை ஒரு கம்பெனி கழித்துக் கட்டியிருக்கிறது. அங்கே வேலை இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. விண்ணப்பித்ததற்கு நன்றி, கவனமாகப் பரிசீலித்தோம், இம்முறை இயலவில்லை என்று சுற்றிச் சுற்றி வந்து, 'தாங்கள் மேன்மேலும் சிறந்து விளங்க வேண்டிக்கொள்கிறோம்' என்று முடிப்பார்கள். ஜப்பானியத்தில் ஒயினொரி என்றால் வேண்டுதல். எந்தக் கம்பெனி அனுப்பினாலும் கடைசி வரி இதுதான் என்பதால் மாணவர்கள் அதற்கு 'ஒயினொரி மெயில்' என்றே பேர் வைத்துவிட்டார்கள், அப்புறம் அதிலிருந்து வினைச்சொல்லும் வந்துவிட்டது. பதிலே போடாமல் விட்டால் அது 'சைலண்ட் ஒயினொரி', அதாவது மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டார்களாம்!

இலக்கணமும் இந்தக் கிண்டலுக்குத் துணை போகிறது. ஜப்பானியத்தில் செயப்பாட்டு வினைக்குப் பாதிக்கப்பட்ட தொனி ஒன்று உண்டு. மழையில் நனைந்தவன் 'மழையால் பெய்யப்பட்டேன்' என்பான். நம் அடிபட்டேன், அவமானப்பட்டேன் மாதிரி. அந்த வரிசையில்தான் 'வேண்டப்பட்டேன்'. தமிழில் வேண்டப்பட்டவன் என்றால் நெருங்கியவன், அங்கே துரத்தப்பட்டவன்.

வேலை தேடுவதற்கே ஷூகட்சு என்று பேர், 'ஷூஷொகு கட்சுதோ' என்ற நீளமான சொல்லை வெட்டி ஒட்டியது. அதே அச்சில் சமூகவியலாளர் யமதா மசஹிரோ வரன் தேடுவதற்கு 'கொன்கட்சு' என்று ஒரு சொல்லை உருவாக்கினார், 2008 வாக்கில் ஊரெல்லாம் அதே பேச்சு. சாவுக்குத் தயாராவதும் இப்போது ஷூகட்சுதான். உச்சரிப்பு ஒன்றே, எழுத்துதான் வேறு.

நானும் கறுப்பு சூட் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன். முதல் மெயில் வந்த ராத்திரி அம்மா போனில் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"நான் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டாங்களாம்மா."

"அட, நல்ல மனுஷங்களா இருக்காங்களே! எப்பப்பா சேரணும்?"