அரசு லேப்டாப்பில் மின்ட், அப்பாவுக்கு பாமினி

தங்கை பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் அது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது, அவள் கைக்கு வந்தது 2013-ல். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-ன் சிக்கனப் பதிப்பான ஸ்டார்ட்டரும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் என இரண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒரே டிஸ்கில். பாஸை எங்கள் வீட்டில் யாரும் திறந்து பார்த்த நினைவில்லை. ஸ்டார்ட்டரில் வால்பேப்பர்கூட மாற்ற முடியாது, அந்தக் கடுப்பிலேயே தங்கை பாதி நாள் அதைத் தொடமாட்டாள்.

அவள் வேலைக்குப் போனதும் அது அப்பாவிடம் வந்தது. அப்பா மன்னார்குடியில் பத்திர எழுத்தராக இருந்தவர். இப்போதும் தெரிந்தவர்கள் யாராவது வாடகை ஒப்பந்தம், அடமானம் என்று வந்தால் வரைவு அடித்துக் கொடுப்பார். எல்லாம் பாமினி எழுத்துருவில்.

விண்டோஸ் 7-க்கு குரோம் பிரவுசரின் புதிய பதிப்புகள் வருவது 109-உடன் நின்றுவிட்டது. ஒவ்வொரு தளமாக மக்கர் பண்ணத் தொடங்கியது. கடையில் காட்டினால், "எடைக்குப் போட்டுடுங்கக்கா" என்றார் அந்தத் தம்பி. ராம் போட்டாலும் தேறாது என்றார். ஸ்டார்ட்டர் இருக்கும்வரை அது சரிதான். அது 32 பிட், 2 ஜிபிக்கு மேல் எத்தனை ராம் செருகினாலும் எடுத்துக்கொள்ளாது. ஆனால் உள்ளே இருந்த பிராசசர் 64 பிட், அதற்கேற்ற ஓஎஸ் போட்டால் கூடுதல் ராமையும் எடுத்துக்கொள்ளும். இத்தனை வருஷமும் வண்டியைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது ஓஎஸ்தான்.

பழைய டிடிஆர்3 வகை ராம் ஒன்றும், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட அதைவிட வேகமான சின்ன எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன். செலவில் உருப்படியானது எஸ்எஸ்டிதான். ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால், தயங்காமல் எஸ்எஸ்டியை வாங்குங்கள். இலவச ஓஎஸ் ஆன லினக்ஸ் மின்ட் 22-ன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். 2029 வரை அப்டேட் உண்டு. இன்ஸ்டால் ஆவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அடுத்து அடுத்து என்று அமுக்கினால் முடிந்துவிடும். வைஃபை மட்டும் எழுந்திருக்கவில்லை. போனை யூஎஸ்பியில் செருகி, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் அதுவே தேடி எடுத்துக்கொண்டது.

அப்பாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. "எழுத்து வருமா பாப்பா?" என்பது ஒன்றுதான் கேள்வி.

ஓஎஸ் போடுகிறவர்கள் டாக்குமென்ட்ஸ், போட்டோ, டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் காப்பி எடுப்பார்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தொடமாட்டார்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் பத்திரம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடக்கும். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. அதனால் பழைய டிஸ்கிலிருந்து முதலில் எடுத்தது அந்த ஃபோல்டரைத்தான். மின்டில் ஹோமுக்குள், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போட்டேன். மின்டோடு வரும் எழுத்து மென்பொருளான லிப்ரே ஆபிஸைத் திறந்ததும் பத்திரங்கள் பத்திரங்களாகவே வந்தன. தட்டுவதற்குத் தனி மென்பொருளும் வேண்டாம், கீபோர்டு ஆங்கிலத்திலேயே இருக்கலாம்.

மறுநாள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. "வரியோட ஆரம்பத்துல அடமானம்னு அடிச்சா ஆடமானம்னு விழுது. உன் லினக்ஸுக்குத் தமிழ் தெரியல."

லிப்ரே ஆபிஸின் ஆட்டோகரெக்ட் வேலை அது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன 'எம்' என்றால் அ, பெரிய 'எம்' என்றால் ஆ. அதன் கண்ணில் அப்பா ஆங்கிலம் எழுதிக்கொண்டிருக்கிறார், இலக்கணம் தெரியாமல். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸுக்குப் போய், பெரிய எழுத்து சம்பந்தப்பட்ட டிக்குகளையும், மேற்கோள் குறியை வளைக்கிற டிக்குகளையும் எடுத்துவிடச் சொன்னேன். போனிலேயே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி எடுத்தார்.

பழையதையெல்லாம் எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "மாத்து, ஆனா பாமினி காப்பியை அழிக்காதே" என்றார். பத்திரம் எழுதியவர், ஒரிஜினலை அவ்வளவு சுலபத்தில் கையை விட்டு விடமாட்டார்.