காசிமேட்டுக் கடலின் நீலத்தைப் படத்தில் பிடிப்பது

காசிமேட்டில் விடியற்காலையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளை மூன்று வாரம் உட்கார்ந்து அக்ரிலிக்கில் தீட்டி முடித்து, இராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அந்த ஓவியத்தைப் படமெடுத்தபோது, அல்ட்ராமரைனும் தாலோ நீலமும் கலந்து நான் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த கடல் சாம்பல் பூத்துக் கிடந்தது. காட்சியில் ஒரே நிறம் மிகுந்திருந்தால், வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைத் தானாகவே சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதனை விளக்கொளியின் சாயல் என்று கருதிக் கழித்துவிடக்கூடும். போதாக்குறைக்கு ஜன்னல் வெளிச்சமும் எல்இடி விளக்கும் சேர்ந்து விழுந்ததால், இடப்பக்கம் ஒரு நிறமும் வலப்பக்கம் வேறொரு நிறமுமாக இருந்தது.

ஆகவே ஓவியத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், நேர்வெயில் படாமல் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிறுத்தினேன். அங்கும் அலை நுரையின் வெள்ளையில் மெல்லிய பச்சை படிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியே அதற்குக் காரணம் என்பது, அந்தப் பக்கமாகக் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டியபின்தான் உறுதியாயிற்று. அன்று முதல் படமெடுக்கும்போது நானும் கறுப்புச் சட்டையே அணிகிறேன்.

நிழலில் விழுவது பெரும்பாலும் வானத்தின் ஒளி என்பதால் அது நீலம் கலந்தது. அதைச் சரிசெய்ய, நிறச்சாயல் இல்லாத அளவுகோலாக, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பல் அட்டையை ஓவியத்தின் தளத்திலேயே சாய்வு மாறாமல் வைத்து முதலில் ஒரு படமும், பிறகு அட்டையை எடுத்துவிட்டு மற்ற படங்களும், எல்லாவற்றையும் ரா வடிவில், அதாவது நிறத்தைப் பின்னால் மென்பொருளில் திருத்த இடம் தரும் கேமராவின் மூலப்பதிவாக, எடுக்கிறேன். அட்டைக்குப் பதிலாக வெள்ளை ஏ4 தாளை வைப்பது தவறு. வேட்டிக்குச் சொட்டுநீலம் போடுவதுபோலத் தாளுக்கும் வெண்மையூட்டி சேர்க்கிறார்கள், அது புறஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்வதால், அதை வெள்ளை என்று நம்பும் கேமரா படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும்.

பளபளப்பான வார்னிஷ் பூசுவதாக இருந்தால் அதற்கு முன்பே படமெடுத்துவிடுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும், படகுகளின் அடியில் தேங்கி நிற்கும் ஆழ்ந்த நீலப்பச்சை மட்டும் திரையில் முழுமையாக வரவில்லை, ஏனெனில் தாலோ நிறமிகளின் அடர்த்தி, திரைகளுக்கான பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிச் செல்கிறது. அதை மென்பொருளில் கூட்டிப் பார்த்தேன். அருகிலிருந்த நீலங்கள் கெட்டன. எனவே அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, நேரில் அது இன்னும் ஆழமாக இருக்கும் என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.