ஜங்கிள் டூர் புக் பண்ண கதை

ரெண்டு நாளா ஒரே ஜங்கிள் ஆஃப்ரோடு டூர் (ரோடு இல்லாத காட்டுத் தடத்துல வண்டில போற டூர்) தேடல்தான், பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு. "மிருகம் கண்டிப்பா பாக்கலாம்"னு எவன் கேரண்டி குடுக்குறானோ அவன மொதல்லயே கழட்டி விட்டுட்டேன், காட்டு மிருகம் என்ன நமக்காக டைம்டேபிள் போட்டுக்கிட்டா வரும்? கேரண்டின்னா தீனி போட்டுப் பழக்கிருப்பாங்க இல்லன்னா அடைச்சு வச்சிருப்பாங்க. குட்டியத் தூக்கி வச்சு செல்ஃபி எடுக்கலாம்னு போட்டிருந்தா சுத்தமா வேணாம், அதோட அம்மா எங்கன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?

அப்புறம் கெளம்புற நேரம். பத்து மணிக்கு பிக்கப்பாம்! அந்த வெயில்ல பாதி மிருகம் நெழல்ல படுத்துக் கெடக்கும், விடியக்காலைலயும் பொழுது சாயுறப்பவும்தான் நடமாட்டமே.

நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல் டிரைவ் வண்டியா, சீட் பெல்ட் இருக்கா, வண்டிக்கு எத்தன பேரு, ஓட்டுறது யாருன்னு ஒருத்தர்ட்ட கேட்டேன், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னாரு. சரி நானும் வேற எடம் பாத்துக்குறேன்னு ஃபோன வச்சுட்டேன். (முதுகுவலிக்காரங்க, மாசமா இருக்குறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, குலுக்கி எடுத்துடும்.)

கடைசில வண்டிக்கு ஆறு பேர் மட்டும், போட்ட தடத்த விட்டு எறங்க மாட்டோம்னு சொன்ன ஒண்ண புக் பண்ணியாச்சு. மிருகம் வருதோ இல்லையோ, சேறு கன்ஃபார்ம் 😄